கித்தார் பெடல் பலகை: கேபிளிலும் கவனம் வேண்டும்

கோயில் திருவிழா, திருமண விருந்து எனப் பல மேடைகளில் நம் இளைஞர்களின் இசைக்குழுக்கள் வாசித்து வருகின்றன. கித்தார் வாசிப்பவர்கள் ஐந்தாறு எஃபெக்ட் பெடல்களை ஒரு பலகையில் பொருத்தி எடுத்து வருவதும் வழக்கமாகிவிட்டது. பெடலுக்கு நூற்றுக்கணக்கில் வெள்ளி செலவழிப்பவர்களில் பலர், அவற்றை இணைக்கும் கேபிளை மட்டும் மீதிக் காசில் வாங்குகிறார்கள்.

ஆறு பெடல்களுக்கு ஐந்து குட்டிக் கேபிள்களும் இரண்டு நீளக் கேபிள்களும் தேவை. அதாவது ஏழு கேபிள், பதினான்கு பிளக். எல்லாம் ஒரே வரிசையில் இருப்பதால், ஒன்று பழுதானாலும் மேடையில் கித்தார் ஊமையாகிவிடும்.

முதலில் வகையைப் பாருங்கள். கித்தார் கேபிளுக்குள் இருக்கும் உலோக வலை, வெளி மின் இரைச்சலைத் தடுக்கிறது. ஸ்பீக்கர் கேபிளில் பொதுவாக அந்த வலை இருக்காது. ஆனால் இரண்டிலும் ஒரே 6.35 மில்லிமீட்டர் பிளக் இருப்பதால் மாற்றி வாங்கிவிட வாய்ப்புண்டு. ஸ்பீக்கர் கேபிளைக் கித்தாருக்குப் போட்டால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வரும். கித்தார் கேபிளை ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே போட்டால் கேபிள் சூடாகி, ஆம்ப்ளிஃபையரே கெடலாம்.

அடுத்து நீளம். கேபிள் நீள நீள, பேட்டரி இல்லாத சாதாரண எலெக்ட்ரிக் கித்தாரின் கூர்மையான ஒலி மழுங்கும். மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் மின்தேக்கம் சேர்வதே காரணம். பெடலுக்கு முன்னும் பின்னும் ஆறு ஆறு மீட்டர் போட்டால், எல்லாப் பெடலையும் அணைத்திருக்கும்போதும் வேறுபாடு காதில் விழும். 'பஃபர்' உள்ள ஒரு பெடலை வரிசையின் தொடக்கத்தில் வைத்தால், அதற்குப் பிந்திய கேபிளால் வரும் இழப்பு பெரிதும் குறையும். பாஸ் டியூ-3 டியூனர் அத்தகையது. பழைய பாணி ஃபஸ் பெடல் இருந்தால் அதை மட்டும் பஃபருக்கு முன்னால் வையுங்கள். தூரத்தில் உள்ள மிக்சருக்கு டிஐ பாக்ஸ் வைத்து மைக் கேபிளில் அனுப்புவதே நல்லது.

குட்டிக் கேபிளுக்குத் தட்டையான 'எல்' வடிவ பிளக் இடத்தை மிச்சப்படுத்தும். பெடல்களை அடுக்கி, நூலால் இடைவெளியை அளந்த பிறகே வாங்குங்கள். திருகிக் கழற்றக்கூடிய பிளக் என்றால், கம்பி விட்டுப்போனால் மீண்டும் ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். வார்த்து மூடிய பிளக்கில் அது முடியாது. தங்கமுலாம் ஒலியைக் கூட்டாது; நம் நாட்டு ஈரக்காற்றில் பிளக் கறுக்காமல் காக்கும், அவ்வளவுதான்.

பவர் வயரைக் கித்தார் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள், இரைச்சல் வரும்.

நிகழ்ச்சிக்கு முந்தைய நாள், ஒவ்வொரு கேபிளையும் தனியாகக் கித்தாரில் செருகி, பிளக் அருகே மெல்ல அசைத்துப் பாருங்கள். கரகரத்தால் ஒதுக்கிவிடுங்கள். பையில் எப்போதும் ஒரு நீளக் கேபிளும் இரண்டு குட்டிக் கேபிள்களும் உபரியாக இருக்கட்டும்.