சுழல் எஞ்சினுக்குள் வரும் நோய்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு எல்லார் வீட்டிலும் இருக்கும். அதனுள் இருக்கும் தோல் வாசர் தேய்ந்துவிட்டால் என்ன ஆகிறது? கைப்பிடி சுலபமாகப் போய்வரும். டயரில் காற்று ஏறாது. வெளிப்பார்வைக்குப் பம்பில் ஒரு குறையும் தெரியாது. இதே நோய் ஓர் ஆகாய விமான எஞ்சினுக்கு வந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

அமெரிக்காவில் பலர் தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே சிறு விமானங்களைக் கட்டுகிறார்கள். வேலையின் பெரும்பகுதியை அவர்களே செய்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். 12 மாதங்களுக்கு ஒருமுறை விமானத்தைச் சோதிக்க வேண்டும். அதற்குரிய சான்றிதழ் பெற்றால், கட்டியவரே சோதிக்கலாம். செய்தவரும் அவரே, சோதிப்பவரும் அவரே, பல வேளைகளில் ஏறிப் பறப்பவரும் அவரே. பொறுப்பு எவ்வளவு பெரியது பாருங்கள்!

இவர்களில் சிலர் மஸ்டா காரின் 13பி என்னும் சுழல் எஞ்சினைத் தங்கள் விமானத்தில் பொருத்துகிறார்கள். இவ்வகை எஞ்சினுக்கு வழிகாட்டியவர் ஜெர்மானியரான ஃபீலிக்ஸ் வாங்கெல். முதல் மாதிரி 1957-இல் ஓடியது. 1967-இல் மஸ்டா நிறுவனம் இதைத் தன் காரில் வைத்து விற்றது.

இந்த எஞ்சினில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் இல்லை, வால்வும் இல்லை. நிலக்கடலைத் தோடு போல் நடுவில் சற்று ஒடுங்கிய கூட்டுக்குள், மூன்று மூலைகள் கொண்ட சுழலி ஒன்று சுற்றுகிறது. 13பி எஞ்சினில் இப்படி இரண்டு சுழலிகள் உண்டு. சுழலியின் மூன்று பக்கங்களும் கூட்டுச் சுவரோடு சேர்ந்து மூன்று அறைகளாகின்றன. ஒவ்வோர் அறையும் காற்றையும் பெட்ரோலையும் இழுத்து, அமுக்கி, எரித்து, புகையை வெளியே தள்ளுகிறது.

அறைக்கு அறை காற்று கசியாமல் காப்பது எது? சுழலியின் ஒவ்வொரு மூலையிலும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு சீல் உண்டு. அதுதான் முனைச் சீல். பக்கவாட்டில் பக்கச் சீல்கள் உண்டு. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தாலோ, தீப்பொறி முந்தி விழுந்தாலோ, உள்ளே நெருப்பு சீராக எரியாமல் வெடிக்கும். அந்த அடியில் முனைச் சீல் முறியக்கூடும். விமான இரைச்சலில் அந்த வெடிச் சத்தம் காதில் விழாமலே போகலாம்.

இங்கேதான் ஒரு வினோதம் இருக்கிறது. பிஸ்டன் எஞ்சினில் ஒரு முக்கிய பாகம் முறிந்தால் அது இறுகி நின்றுவிடக்கூடும். சுழல் எஞ்சினோ சீல் முறிந்த பிறகும் பல சமயம் சக்தி குறைந்து ஓடிக்கொண்டே இருக்கும். பறப்பவர் தரையிறங்க அது உதவும். அது நல்ல குணமே. ஆனால், "ஓடுகிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று மறுநாளும் கிளம்பினால் அந்த நல்ல குணமே எமனாகிவிடும்.

ஆகவே தரையிலேயே நோயை அறிய வேண்டும். முழு வேகத்தில் எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். அது குறைந்தால் முதலில் பிளக், கம்பி, பெட்ரோல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அவை சரியாக இருந்தால் அடுத்த சோதனை அழுத்தச் சோதனை.

எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, பெட்ரோலையும் தீப்பொறியையும் துண்டிக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது முன்விசிறியும் சுற்றும். அதன் அருகே ஒருவரும் நிற்கக் கூடாது. ஒவ்வொரு சுழலிக்கும் இரண்டு பிளக்குகள். ஒன்றைக் கழற்றி, அங்கே அழுத்தமானியை மாட்ட வேண்டும். சாதாரண மானி மூன்று அறைகளில் மிக உயர்ந்த அழுத்தத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும், நோயை மறைத்துவிடும். ஆகையால் அதன் வால்வை அழுத்திப் பிடித்து, முள் துள்ளுவதைக் கவனிக்க வேண்டும். புஸ், புஸ், புஸ் என்று மூன்று துள்ளலும் தளராமல் ஒரே அளவில் இருந்தால் சுகம்.

இரண்டு துள்ளல் தளர்ந்து ஒன்று மட்டும் நன்றாக இருந்தால்? நம் லயத்தில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே பலகைச் சுவர்தான். அதில் ஓட்டை விழுந்தால் இரண்டு வீட்டுக்கும் தொல்லை. அதுபோல, அந்த இரண்டு அறைகளுக்கும் பொதுவான முனைச் சீல் கெட்டிருக்கிறது என்று ஐயப்பட வேண்டும். ஒரு துள்ளல் மட்டும் தளர்ந்தால் பக்கச் சீலை ஐயப்படலாம். மூன்றும் ஒன்றாகத் தளர்ந்தால் பொதுவான தேய்மானம்.

வேறு அறிகுறிகளும் உண்டு. ரேடியேட்டர் தண்ணீர் காரணமின்றிக் குறைந்து, அதில் குமிழிகள் வந்து, வெண்புகையும் தெரிந்தால், மிகுந்த சூட்டில் தண்ணீர்ச் சீல் கெட்டிருக்கலாம். நீலப்புகை நிற்காமல் வந்தால் எண்ணெய்ச் சீலைப் பார்க்க வேண்டும். முனைச் சீலுக்காக இந்த எஞ்சின் சிறிது எண்ணெயை எரிப்பது வழக்கம் என்பதையும் மறக்கக் கூடாது. பிளக் துவாரத்தின் வழியே சிறு குழாய்க் கண்ணாடியை விட்டுக் கூட்டுச் சுவரையும் பார்க்கலாம். அலையலையாகத் தெரியும் கீறல்களை மஸ்டா பொறியாளர்கள் 1960-களில் "பிசாசின் நகக்கீறல்" என்றே அழைத்தார்கள்.

நேயர்களே, பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே இவ்வளவும் அறியலாம். மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் நம் பிள்ளைகளும் இந்த வரிசையைப் பழகிக்கொள்ளலாம்: முதலில் பார், பிறகு கேள், பிறகு அள, கடைசியில் திற. ஓடுகின்ற எஞ்சின் எல்லாம் சுகமான எஞ்சின் அல்ல. மூன்று துள்ளலும் தளராமல் ஒத்திருந்தால் அடுத்த சோதனைக்குப் போகலாம். ஒன்று தளர்ந்தாலும் அன்று பறக்கக் கூடாது. வீட்டில் காத்திருப்பவர்களுக்கு அவர் செய்யும் பெரிய கடமை அதுவே.