தண்ணீர் அறிந்து நூல் கொள்

தமிழில் நூல் என்னும் சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். பஞ்சிலிருந்து இழை பிறக்குமாறுபோலச் சொல்லிலிருந்து ஏடு பிறக்கின்றது என்று உவமித்துக் காட்டுவது நன்னூல். நல்லூர் ஆறுமுக நாவலர் அந்நூலுக்குக் காண்டிகையுரை கண்டார். நம் பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக அதனைப் படித்தோம். ஆயினும் வகுப்பறைக்கு வெளியே, நம் கரையூர்களில், வேறொரு நூற்கல்வி நடந்துவந்திருக்கின்றது. எந்த நீருக்கு எந்த நூல் என்று தெரியும் கல்வி அது. அதற்கு ஏடும் இல்லை, உரையும் இல்லை.

இதனை எனக்கு நினைவூட்டியவர் என் பழைய மாணவர் ஒருவர். கரையூரிற் பிறந்து, இப்பொழுது கனடாவில் ரொறன்ரோ நகரில் வாழ்பவர். சென்ற தை மாதத்தில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். நகருக்கு வடக்கே சிம்கோ ஏரி உறைந்து கிடக்கின்றது என்றும், அதன்மேல் அமர்ந்து, பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டில் போட்டதாகவும் கூறினார். "எல்லாரும் பிடிச்சினம் ஐயா, எனக்கு ஒண்டும் படேல்லை. நூல் கம்பிபோல விறைச்சுச் சுருண்டு நிண்டது. அப்பு இருந்திருந்தால் என்ன நூல் எண்டு சொல்லியிருப்பார்," என்றார். வேடிக்கையாகச் சொன்னாரேனும், குரலில் வேடிக்கை இல்லை.

எனக்குத் தூண்டிற்கலை தெரியாது. ஆகவே மறுநாள் மாலை குருநகர்க் கரைக்குச் சென்று, அறிந்த முதியவர் ஒருவரிடம் இக்கேள்வியை வைத்தேன். பனிக்கட்டியை அவர் கண்ணாற் கண்டவரல்லர். சிறிது யோசித்து, "நூலைக் கேட்டு என்ன வாத்தியார், தண்ணியை எல்லோ முதல் கேக்கவேணும்," என்றார்.

அவ்வொரு விடையில் ஒரு சாத்திரமே அடங்கியிருந்தது. யாழ்ப்பாணக் கடனீரேரியில் பல இடங்களிலும் மனிதன் இறங்கி நடக்கும் அளவுக்கே ஆழமுண்டு. அங்கே தெளிந்த நீரில் ஓராவைப் பிடிக்க விரும்புவோன் தடித்த நூலை இட்டால், இரையைக் காணுமுன் நூலையே மீன் கண்டுவிடும். பாறைகளுக்கிடையே பதுங்கும் கலவாய்க்கு மெல்லிய நூல் பயன்படாது. முள்ளிற் பட்டதும் அது பொந்துக்குள் புகுந்து நூலைப் பாறையில் உராய்ந்து அறுத்துவிடும். கூரிய பல்லுடைய சீலாவுக்கோ முள்ளை அடுத்துச் சிறிதளவு கம்பியே வேண்டும். நீரின் ஆழம், அடிநிலம், தெளிவு, மீனின் வாய் ஆகிய நான்கையும் எண்ணிப் பார்த்த பின்னரே நூலின் பெயர் வாயில் வரவேண்டும் என்பது அவர் கருத்து.

அவருடைய தந்தையார் காலத்தில் நூல் என்றால் பருத்தி நூல்தான். நம் வெப்பக் கடலில் பருத்தியை நுண்ணுயிர்கள் விரைவில் அரித்துவிடும். ஆதலால் பனிச்சங்காயை இடித்து ஊறவைத்த சாற்றில் நூலையும் வலையையும் தோய்த்தனர். அதன் துவர்ப்புச் சத்து இழையை இறுக்கி, அழுகலைத் தடுத்தது. ஒவ்வொரு நாளும் நூலைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, இற்றுப்போன இடத்தை விரலால் தடவி அறிந்து, அறுத்து முடிந்தனர். நாள்தோறும் கையிற்பட்ட நூலாகையால் அதன் பலமும் பலவீனமும் அவர்களுக்கு மனப்பாடமாயின.

இந்நிலையை மாற்றியது ஓர் ஆய்வுகூடம். அமெரிக்காவில் டியூபொன்ட் நிறுவனத்தில் பணியாற்றிய வாலஸ் கரோதர்ஸ் என்னும் இரசாயன அறிஞரும் அவருடைய குழுவினரும் 1935 ஆம் ஆண்டில் நைலோனை ஆக்கினர். 1938 இல் உலகம் அதனை அறிந்தபோது கரோதர்ஸ் உயிருடன் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நைலோன் நம் கடலுக்கும் வந்தது. 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டவரின் உதவியோடு காரைநகரில் சீநோர் நிறுவனம் படகு கட்டத் தொடங்கியது. குருநகரில் வலைத் தொழிற்சாலையும் எழுந்தது. முறுக்கிய நைலோனோடு, கண்ணாடிபோன்ற ஒற்றையிழையும் பரவியது. அதனையே நம்மவர் தங்கூசி என்பர். அழுகாது, உலர்த்த வேண்டாம், நீரில் எளிதிற் புலப்படாது. பனிச்சங்காய்ச் சாடிகள் மெல்ல மெல்ல மறைந்தன.

இனிப் பனிக்கட்டிக்கு வருவோம். மாரியிலும் நம் கடல்நீர் 20 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. உறைந்த ஏரியின் நிலை வேறு. நீர் 4 பாகையில் மிகுந்த அடர்த்தி எய்தி அடியிற் செல்லும். அதனினும் குளிர்ந்தது மேலே மிதந்து உறையும். கட்டியின் கீழே மீன் உயிரோடிருப்பது இதனாலேயே. ஆனால் அக்குளிரில் அதன் உடலியக்கம் தளர்ந்துவிடும். பாய்ந்து கௌவாது, இரையை மெல்ல வாயிலிட்டு உமிழ்ந்தும் விடும். அந்த நுண்ணிய அசைவு மேலிருக்கும் கைவிரலுக்கு எட்டவேண்டும்.

தங்கூசி அங்கே இடறுகின்றது. நைலோன் தன் நிறையில் நூற்றுக்கு எட்டு ஒன்பது பங்குவரை நீரை உறிஞ்சவல்லது. சிறு உருளையிற் சுற்றிய சுருளைக் குளிரில் விடாது பற்றிக்கொள்ளும். தடித்ததாயின் கம்பிபோல விறைக்கும். சுருண்ட நூல் நேராக நிற்காதாகையால் மீன் தொட்ட செய்தி மேலே வருவதில்லை. பல இழைகளைப் பின்னிய நூல் இழுபடாது, செய்தியை உடனே தரும். ஆனால் இழைகளுக்கிடையே நீரைத் தாங்கி வெளியே வந்ததும் உறைந்து, தூண்டிற்கோலின் வளையங்களை அடைத்துவிடும். மூன்றாவது புளோரோகாபன் இழை. அது நீரை உறிஞ்சுவது அரிது. நீரின் ஒளிமுறிவுச் சுட்டி 1.33, இதன் சுட்டி 1.42, நைலோனின் சுட்டி ஏறத்தாழ 1.53. நீருக்கு அணுக்கமாக இருப்பதால் மீன்கண்ணுக்கு இது குறைவாகவே தெரியும். அடர்த்தியும் 1.78 ஆகையால் விரைந்து அமிழ்ந்து நேராக நிற்கும். நைலோனின் அடர்த்தி 1.14 மட்டுமே.

எனவே மாணவருக்கு நான் எழுதியது இது: சிறிய பேர்ச் மீனுக்கு 2 முதல் 4 இறாத்தல் தாங்கும் மெல்லிய புளோரோகாபன் போதும், பெரிய ட்ரவுட் மீனுக்கு 8 இறாத்தல் அளவில் கொள்க. மிக ஆழமான இடமாயின், கூடாரத்துள் நூல் உறையாதெனின், பின்னிய நூலின் முனையில் சிறிது புளோரோகாபனை முடிந்துகொள்க. முடிச்சை இறுக்குமுன் நனைத்துக்கொள்க. உலர்ந்து உராயும் வெப்பம் இழையைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் முன்னர்க் கட்டியின் தடிப்பை அளந்து பார். தெளிந்த கட்டி 15 சென்ரிமீற்றராவது இல்லையெனில் ஏரியில் கால் வையாதே.

கடிதத்தை முடித்த பின்னும் என் மனம் குருநகர்க் கரையை விட்டு அகலவில்லை. அன்று விடைபெறும்போது முதியவர் மணலிற் பாதி புதைந்து கிடந்த தங்கூசி வலைத்துண்டு ஒன்றைக் காலால் தள்ளிக் காட்டி, "இது சாகாது வாத்தியார், இதுதான் இதின்ரை குற்றம்," என்றார். பருத்தி வலை கடலில் தொலைந்தால் சில காலத்தில் இற்றுப்போகும். தங்கூசி வலையோ உடையவன் இல்லாமலும் மீன்பிடித்துக்கொண்டே இருக்கும். நண்டும் ஆமையும் அதிற் சிக்கி, பயனின்றி மாளும். 1996 ஆம் ஆண்டின் கடற்றொழிற் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகள் தங்கூசி வலையைத் தடைசெய்தமைக்குக் காரணம் விளங்குகின்றது. ஆனால் தடையை மீறுவோரும் பெரும்பாலும் வறியவரே. விலை மலிவு, மீன் மிகுதி என்னும் இரண்டும் இன்றைய அடுப்பை எரியவைக்கும்; நாளைய மீன்குஞ்சு பற்றி நினைக்க அவர்களுக்கு யார் அவகாசம் தந்தார்? தடை வேண்டியதே; தடைக்குள்ளாகும் மனிதனுக்கு மாற்று வலையும் அவ்வாறே வேண்டியது.

பருத்திக் காலத்தவர் நம்மினும் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. அவர்களுடைய நூல் நாள்தோறும் அவர்களிடம் கவனத்தை வேண்டி நின்றது. நம் நூல் ஒன்றையும் வேண்டுவதில்லை. ஆகையால் அக்கவனத்தை நாமேதான் கற்கவேண்டும், கற்பிக்கவும் வேண்டும். நம் கரையூர்ப் பள்ளிகளில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருநாள் பருத்தி, நைலோன், புளோரோகாபன் என்னும் மூன்று இழைகளையும் ஒரு நீர்த்தொட்டியில் இட்டுக் காட்டினால், அடர்த்தியும் ஒளிமுறிவும் பிள்ளைகளுக்கு வெறும் சொற்களாக நில்லா. தந்தையின் தொழிலும் பள்ளியின் பாடமும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும்.

மாசியில் மாணவர் மீண்டும் அழைத்தார். மூன்று பேர்ச் மீன் பட்டனவாம். "ஐயா, அறுந்த நூலைப் பனியிலை விடாமல் பொறுக்கிக்கொண்டு வந்திட்டன்," என்றும் சொன்னார். அதனை நான் எழுதியிருக்கவில்லை.