விருந்துக்குத் தண்டனை ஓட்டமா?

டிசம்பர் வந்துவிட்டால் ஆக்லாந்தில் நம் வீடுகளில் முறுக்கும் அதிரசமும் மணக்கும். கீதபவனிக்குப் போனால் வீட்டுக்கு வீடு தட்டு நீட்டுவார்கள். தட்டை நீட்டிய அதே ஆன்ட்டி, "என்ன, கொஞ்சம் சதை போட்டுட்டே போலிருக்கே?" என்றும் கேட்பார்.

கார்ன்வால் பூங்காவில் ஒன்றாக ஓடும் எங்கள் வாலிபர் குழுவில் ஒருவரை அந்தக் கேள்வி போன வருடம் மிகவும் உறுத்திவிட்டது. கிறிஸ்துமஸ் விருந்தில் சாப்பிட்டதைக் கரைக்க வேண்டுமென்று மறுநாள் முழுவதும் வெறும் டீயோடு இருந்தார். 27ஆம் தேதி காலை 14 கி.மீ. ஓட வந்தவர், பாதி வழியில் கண் இருட்டிப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். ஜூஸும் வாழைப்பழமும் கொடுத்தோம், தெளிந்தார். நாங்கள்தான் பயந்துபோனோம்.

ஓடுவதும் மெலிவதும் இந்த ஊருக்குப் புதிதல்ல. ஆக்லாந்தில் ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட் பயிற்சி கொடுத்த பீட்டர் ஸ்னெல்லும் மர்ரே ஹால்பெர்க்கும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்கள். பிறகு லிடியார்ட் உடல் பருத்த, நடுவயது தாண்டிய சாதாரண மனிதர்களையும் ஓட அழைத்தார். பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு மெதுவாக ஓடினால் போதும் என்பதே அவர் பாடம். 1962இல் இங்கே வந்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் அவர்களோடு ஓடினார். அவருக்கு அப்போது 51 வயது. தன்னைவிட மூத்த ஒருவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறினார். ஆனால் விடாமல் பழகி, சில வாரங்களில் இடை குறைந்து ஊர் திரும்பினார். பின்னாளில் நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் இவரும் ஒருவர். அவரை மெலிய வைத்தது ஒருநாள் ஆவேசம் அல்ல, நிதானமான அன்றாட ஓட்டம்.

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ளவர் 10 கி.மீ. ஓடினால் ஏறக்குறைய 700 கலோரி செலவாகும். ஒரு தட்டு மட்டன் பிரியாணியும் ஒரு துண்டு கேக்கும் அதை எளிதாகத் தாண்டிவிடும். எனவே தின்றதை எல்லாம் ஓடியே தீர்ப்பது நடக்கிற காரியமல்ல.

அதேபோல, விருந்துக்கு மறுநாள் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறினால் அது கொழுப்பு என்று பதற வேண்டாம். சோறும் இனிப்பும் தசையில் கிளைகோஜனாகச் சேரும்போது, ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். உப்புப் பலகாரமும் நீரைத் தேக்கும். ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி சாப்பிட வேண்டும். ஒரே விருந்தில் அது முடியாது.

எங்களுக்குப் பலன் தந்தவை இவை. நீண்ட ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன் இரண்டு இட்லியோ, டோஸ்ட்டும் வாழைப்பழமுமோ சாப்பிடுகிறோம். முடிந்ததும் தாமதிக்காமல் முட்டையோடு காலை உணவு. விருந்துக்குக் காய்ந்த வயிற்றோடு போவதில்லை. உட்கார்ந்து, ஒரு தட்டு நிறைய ருசித்துச் சாப்பிடுகிறோம். குளிர்பானத்துக்குப் பதில் தண்ணீர். கோடை வெயில் இங்கே கடுமையானதால் காலை எட்டு மணிக்குள் ஓடி முடிக்கிறோம். எடை பார்ப்பது வாரம் ஒருமுறைதான்.

தங்கைமாருக்கு ஒரு வார்த்தை: மாதவிடாய் தள்ளிப்போவதும், கால் எலும்பில் வலி திரும்பத் திரும்ப வருவதும் உழைப்புக்கேற்ற சாப்பாடு இல்லாததன் அடையாளமாக இருக்கலாம். மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வருடம் "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேளுங்கள். எடையைக் கேட்காதீர்கள்.

ஆகாபுக்கு முன்பாக யெஸ்ரயேல் வரை ஓடிய எலியா, அடுத்து சூரைச்செடியின் கீழ் சோர்ந்து படுத்தார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் வைத்து, இரண்டு முறை எழுப்பிச் சாப்பிட வைத்தான். இன்னும் தூரம் போக வேண்டியிருந்ததே!

நமக்கும் அப்படித்தான். இந்த விடுமுறையில் எங்களோடு ஓட வாருங்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.