கூரைக்குள் ஒரு துயிலறை

‘டோர்மர்’ என்னும் ஆங்கிலச் சொல், உறங்குதலைக் குறிக்கும் இலத்தீன் அடியிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் துயிலறையையும், பின்பு அத்துயிலறையின் சாளரத்தையும் சுட்டிய இச்சொல், இப்பொழுது சரிந்த கூரையை வெட்டி, அவ்விடத்தில் நிமிர்ந்த சுவரும் தனிக் கூரையும் சாளரமும் அமைத்துக் கட்டப்படும் மாடத்தின் பெயராக வழங்குகின்றது. நம் ஓட்டு வீடுகளில் முகட்டின் கீழுள்ள வெளி, சூடு மேலேறி ஒதுங்குவதற்கென்றே விடப்படுவது. குளிர் நாடுகளிலோ அவ்வெளியிலும் மனிதர் துயில்கின்றனர். எம் பழைய மாணவர் பலர் இன்று இலண்டனில் இத்தகைய அறைகளைக் கட்டுவதாலும், அவற்றில் தம் பிள்ளைகளை உறங்கச் செய்வதாலும், இப்பொருள் பற்றிச் சிறிது ஆராய்தல் தகும்.

பாரிசு மாநகர் இதற்குப் பழைய சான்று. கீழே செங்குத்தாகவும் மேலே தாழ்ந்தும் இருமுறை மடியும் கூரையைப் பதினேழாம் நூற்றாண்டிற் பரப்பிப் புகழ்பெற்றவர் பிரான்சுவா மன்சார் (1598–1666) என்னும் கட்டடக் கலைஞர். அவர் பெயராலேயே அது வழங்கினும், அவருக்கு முன்னரும் அவ்வகைக் கூரை இருந்ததுண்டு. 1783இல் அந்நகரிலே வீதியின் அகலத்துக்கேற்பக் கட்டட உயரம் எல்லைப்படுத்தப்பட்டபோது, முகப்புச் சுவருக்கு ஓர் அளவும் அதற்கு மேலுள்ள கூரைக்கு வேறோர் அளவும் வகுக்கப்பட்டன. சுவரை உயர்த்த இயலாதவர் கூரைக்குள் அறை சமைத்தனர். அவ்வறைகள் காலப்போக்கிற் பணிப்பெண்களுக்கு உரியவையாயின. வீட்டிலே மிக எளியோர் மிக உயரத்தில் உறங்கியமை ஒரு விந்தையே.

இனி, டோர்மர் செய்யும் வேலை யாதென்று கணக்கினாற் காண்போம். முன்பின்னாக 8 மீற்றர் ஆழமும், 5 மீற்றர் அகலமும், பரண் தளத்திலிருந்து முகடு வரை 3 மீற்றர் உயரமும் உள்ள ஒரு தொடர் வீட்டைக் கொள்க. தளத்தின் பரப்பு 40 சதுர மீற்றர். ஆயினும் கூரை இருபுறமும் சரிவதால், 2 மீற்றர் உயரம் கிடைப்பது நடுவிலுள்ள 2.67 மீற்றர் அகலத்தில் மட்டுமே. அஃதாவது ஏறத்தாழ 13 சதுர மீற்றரில். எஞ்சிய இடத்திற் குனிந்தே நடத்தல் வேண்டும். பின்புறச் சரிவை அகற்றி, முகட்டினின்று மட்டமான கூரையும், அதன் நுனியில் நிமிர்ந்த சுவரும் அமைத்தால், நிமிர்ந்து நிற்கத்தகும் பரப்பு 25 சதுர மீற்றரை அணுகும். தளம் ஓர் அங்குலமேனும் பெருகவில்லை. பெருகியது தலைக்கு மேலுள்ள உயரமே. இவ்வாறு கூட்டப்படும் கன அளவு ஏறத்தாழ 24 கன மீற்றர். இங்கிலாந்தின் விதிப்படி, தொடர் வீட்டுக்கு 40 கன மீற்றர் வரையும், ஏனைய வீடுகளுக்கு 50 வரையும் பொதுவாகத் தனித் திட்ட அனுமதியின்றிக் கூரையைப் பெருப்பிக்கலாம். வீதியை நோக்கிய சரிவில் டோர்மர் எழுதலாகாது. பழைய உச்சியை விஞ்சவும் கூடாது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு இச்சலுகை இல்லை. இலண்டன் வீடுகள் பலவற்றின் முன்முகம் பழமை மாறாதிருக்க, பின்புறத்தில் மட்டும் பெட்டி போன்ற மாடங்கள் எழுந்திருப்பதன் காரணம் இதுவே.

திட்ட அனுமதி வேண்டாதபோதும் கட்டட விதிகளுக்கமைந்த அங்கீகாரம் கட்டாயம் வேண்டும். பலர் இடறுவது இவ்விடத்திலேதான். என் தமையனார் இலண்டனில் வாங்கிய வீட்டின் பரணில், முந்திய உரிமையாளர் அழகான அறையொன்று அமைத்திருந்தார். சென்றிருந்தபோது அங்கேதான் எனக்குப் படுக்கை விரித்தனர். என் பெறாமகன் நடந்தபோதெல்லாம் தளம் மெல்ல அதிர்ந்தது. பின்னர் பொறியியலாளர் ஒருவர் பலகையைக் கிளப்பிப் பார்த்து, அத்தளம் பழைய உட்கூரை மரங்களின் மீதே விரிக்கப்பட்டிருந்ததைக் கண்டார்.

உட்கூரை மரங்கள் சாந்தையும் சில பழைய பெட்டிகளையும் தாங்கப் போதியவை. கட்டில், அலுமாரி, மனிதர் ஆகியவற்றைத் தாங்கற்கல்ல. எனவே புதிய தளத்துக்குத் தடித்த தீராந்திகள் வேறாக இடப்படல் வேண்டும். அம்மரங்களுக்கு இன்னொரு பணியும் உண்டு. இருபுறக் கைமரங்களும் ஒன்றன்மீதொன்று சாய்ந்து நிற்பன. தம் அடிகளால் சுவரை வெளியே தள்ளுவன. அத்தள்ளுதலை இழுத்துப் பிடிப்பவை இக்குறுக்கு மரங்களே. ஒருபுறக் கைமரங்களை முழுதும் நீக்கினால் மறுபுறத்துக்குச் சாய இடமில்லை. ஆகையாற் பெரிய டோர்மர் கட்டுவோர், இருபக்கப் பொதுச் சுவர்களிலும் ஊன்றுமாறு முகட்டின் கீழ் உருக்குத் தீராந்தியொன்றை முதலில் ஏற்றுவர். அயலவரின் சுவரிலும் அது தங்குவதால், 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி அவருக்கு முன்னறிவித்தல் கொடுத்தல் வேண்டும். இரண்டு மூன்று கைமரங்களை மட்டும் வெட்டும் சிறு டோர்மருக்கு, வெட்டின் இருமருங்கும் கைமரத்தை இரட்டித்து, மேலும் கீழும் குறுக்குச் சட்டம் பொருத்துதல் பெரும்பாலும் போதும். 1960களின் பின் எழுந்த வீடுகள் பலவற்றில், மெல்லிய மரங்களைப் பல்முனைத் தகடுகளாற் பிணைத்துத் தொழிற்சாலையிற் செய்த முக்கோணச் சட்டங்களே கூரையாயின. அவற்றுள் ஒரு மரத்தையேனும் கணக்கின்றி அறுத்தல் பேராபத்து.

அடுத்தது தீ. இருமாடி வீட்டிற் பரண் அறையானதும் அது மூன்றாம் மாடியாகிறது. சாளரத்தாற் குதித்துத் தப்பும் உயரமன்று. ஆதலின் படிக்கட்டு வீட்டு வாயில்வரை தீயைத் தடுக்கும் சுவரும் கதவும் பெற்றிருத்தலும், புகையை உணர்த்தும் கருவிகள் ஒவ்வொரு தட்டிலும் இருத்தலும் கேட்கப்படுகின்றன. தமையனார் வீட்டு அறைக்கு ஏறுவதற்கு இருந்தது ஓர் ஏணிப்படியே.

வெப்பத்தை நம்மவர் மறக்கமாட்டார். ஆனால் ஐரோப்பியர் நெடுங்காலம் மறந்திருந்தனர். 2003 ஆகத்து வெப்ப அலையிற் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் மிகையாக இறந்தனர். பின்னர் நிகழ்ந்த ஆய்வு, கூரையை ஒட்டிய மேற்றட்டில் துயின்ற முதியோருக்கு ஆபத்து மிகுந்திருந்ததைக் காட்டிற்று. நாகத்தகடு வேய்ந்த பாரிசுக் கூரைகள் பகலில் உண்ட வெயிலை அவ்வறைகளுக்கே இறக்கின. பிரான்சின் 2002ஆம் ஆண்டு ஆணை, வாடகை வீட்டின் முதன்மை அறைக்கு 2.20 மீற்றர் உயரத்தோடு 9 சதுர மீற்றர் பரப்பையோ 20 கன மீற்றர் கொள்ளளவையோ விதித்தது. எனினும் அளவு மட்டும் குளிர்ச்சி தராது. கைமரங்களுக்கிடையே தடித்த வெப்பக்காப்பும், எதிரெதிர்ச் சாளரங்களும், கண்ணாடிக்கு வெளியே மறைப்பும் வேண்டும். உள்ளே தொங்கும் திரை, வெயில் அறைக்குள் புகுந்த பின்னரே அதனைத் தடுக்கின்றது.

தமையனார் அவ்வறையைப் பிரித்து, தீராந்தியும் படிக்கட்டும் புதிதாய் இட்டுக் கட்டுவித்தார். செலவு அவர் எண்ணியதிலும் மிகுந்தது. படிக்கட்டுக்காகக் கீழ்த்தட்டுச் சிற்றறையிற் பாதியும் போயிற்று. வேலை முடியும்வரை பெறாமகன் கூடத்திலேயே பாய் விரித்துப் படுத்தான்.