இலவச லினக்ஸ்: பழுது பார்க்க யார் வருவார்?

பில், சரக்கு இருப்பு, கடன் பாக்கி எல்லாம் ஒரே சர்வரில் வைத்திருக்கும் நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மொத்த வியாபாரிகளுக்கு இந்தக் கேள்வி முக்கியம். மாதத் தொடக்கத்தில் அது நின்றால் கடையே நின்ற மாதிரி.

லினக்ஸுக்கு விலை இல்லை. ஆனால் பராமரிப்புக்கு உண்டு. 2007-ல் நம் அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, சூசே லினக்ஸுக்கு மாறியது. அன்று சூசே நாவெல் கம்பெனியின் கையில் இருந்தது. கேட்க ஓர் ஆள் இருந்தது என்று அர்த்தம்.

சென்ட்ஓஎஸ் கதை வேறு. ரெட்ஹாட்டின் இலவச வடிவமான அதன் 8-ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் வரும் என்று எல்லோரும் நம்பினார்கள். 2020 டிசம்பரில் அறிவித்து, 2021 டிசம்பர் 31-உடன் நிறுத்திவிட்டார்கள். 7-ஆம் பதிப்பும் 2024 ஜூன் 30-ல் முடிந்தது. காசு கொடுக்காதவர் யாரிடம் போய் நியாயம் கேட்பது?

ரெட்ஹாட், சூசே, உபுண்டு மூன்றுக்கும் ஆண்டுச் சந்தா உண்டு. ஆனால் சந்தா கட்டினால் மட்டும் ஆள் கடைக்கு வந்துவிட மாட்டார். ஹார்டு டிஸ்க் போனால் உள்ளூர் ஆள்தான் வர வேண்டும். அவரோடு தனி ஒப்பந்தம் போடுங்கள். எத்தனை மணி நேரத்தில் வருவார், ஞாயிறு உண்டா என்று எழுதி வாங்குங்கள். ரூட் கடவுச்சொல் முதலாளி கையில் இருக்கட்டும். (வேலையை விட்டுப் போன பையனிடம் கெஞ்சியவர்களுக்குத் தெரியும்!) பேக்கப்பை வேறு மெஷினில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்டிய பிறகு முன்பணம் கொடுக்கலாம்.