திருத்தந்தையின் அரசுமுறை வருகையும் தொலைக்காட்சி கண்ட தமிழரும்: சொல்வழி ஓர் ஆய்வு

முன்னுரை

சமயத் தலைவர் ஒருவர் அரச விருந்தினராக ஒரு நாட்டிற்கு வருங்கால், அவரைக் காண்போர் இருதிறத்தினர். நேரிற் சென்று காண்போர் ஒரு திறத்தார். இல்லத்திலிருந்தவாறே தொலைக்காட்சியிற் காண்போர் மற்றொரு திறத்தார். விழா மலர்களும் வரலாற்றுக் குறிப்புகளும் பெரும்பாலும் முன்னவரைப் பற்றியே பேசுகின்றன. பின்னவர் என்ன எண்ணினர், என்ன சொற்களால் அதனை வெளியிட்டனர் என்பது எழுதப்படாமலே மறைந்துவிடுகின்றது. கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவராகிய இரண்டாம் யோவான் பவுல் 1986ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் இந்தியாவிற் செய்த பயணத்தை நடுவாக வைத்து, இப்பொருளைச் சொல்வழியே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு நிலைக்களனாக யாம் கொள்வது சேலம் மாநகரின் அஸ்தம்பட்டி. திருத்தந்தை சேலத்திற்கு வந்தாரல்லர், சென்னைக்கே வந்தார். ஆகலின், ஏற்காட்டு மலைச்சாலையில் அமைந்த இப்பகுதியினர், நெடுந்தொலைவு பயணம் செய்தவர் நீங்கலாக, அவரைப் பற்றிக் கேட்டும் படித்தும் திரையிற் கண்டுமே அறிந்திருத்தல் கூடும். இந்துக்கள், முகம்மதியர், கத்தோலிக்கர், சீர்திருத்தக் கிறித்தவர் எனப் பல சமயத்தினரும் கலந்து வாழும் நகரின் ஒரு பகுதி இஃது ஆதலின், ஒரு காட்சியைப் பலர் பலவாறு பெயரிட்டு வழங்கும் திறத்தை ஆராய்தற்கு ஏற்றதாகும்.

வருகையின் இருமை

திருத்தந்தை ஒருவரே இருவராக நிற்கின்றார். உலகக் கத்தோலிக்கர்க்கு அவர் ஞானத் தலைவர். 1929ஆம் ஆண்டு இலாத்தரன் உடன்படிக்கையால் அமைந்த வத்திக்கான் நகர நாட்டிற்கோ அவர் அரசுத் தலைவர். அந்நாட்டின் பரப்பு ஏறத்தாழ 44 எக்டேரே. திருப்பீடத்தோடு இந்திய அரசு 1948 முதல் தூதுறவு கொண்டுள்ளது. எனவே அவர் வருகை அரசுமுறை வரவேற்பும் வழிபாட்டுக் கூட்டமும் ஒருங்கே உடையதாகின்றது. அதனைக் காட்டும் தொலைக்காட்சியும் ஓர் அரசுத் தலைவரைக் காட்டுகின்றதா, ஒரு குருவைக் காட்டுகின்றதா என்னும் ஐயம் இவ்விருமையினின்றே பிறக்கின்றது.

இந்திய மண்ணில் முதன்முதல் அடிவைத்த திருத்தந்தை ஆறாம் பவுல் ஆவர். 1964 திசம்பரில் பம்பாயில் நிகழ்ந்த நற்கருணை மாநாட்டிற்கு அவர் வந்தார். அன்று தொலைக்காட்சி தில்லியளவில் ஆய்வுநிலையிலேயே இருந்தது. தமிழ்நாட்டார் அவ்வருகையை வானொலியாலும் செய்தித்தாளாலும் திரையரங்கச் செய்திப்படத்தாலும் அறிந்தனர். 1986இல் நிலைமை வேறு. தில்லியில் 1959இல் தொடங்கிய தொலைக்காட்சி 1975இல் சென்னைக்கு வந்தது; 1982இல் நாடளாவிய நிகழ்ச்சியும் வண்ண ஒளிபரப்பும் தொடங்கின; அதன்பின் சிற்றாற்றல் ஒளிபரப்பு நிலையங்கள் விரைந்து பெருகின. தில்லி, இராஞ்சி, கல்கத்தா, சில்லாங், சென்னை, கோவா, மங்களூர், கேரளம், பம்பாய், புனே எனப் பெப்ருவரி 1 முதல் 10 வரை நிகழ்ந்த அப்பயணத்தின் காட்சிகளை இல்லங்களுக்குக் கொணர்ந்தது தூர்தர்சன் ஒன்றே. வேறு அலைவரிசை இல்லாமையால், காண்போர்க்குத் தெரிவு என்பதொன்று இருந்ததில்லை. மக்கள் எதிர்வினையை எடைபோடுங்கால் இதனை மறத்தலாகாது. விரும்பியவரும் விரும்பாதவரும் ஒரே திரையையே நோக்கினர்.

செய்தி வந்த வழி

உரோமையின் செய்தி சேலத்திற்கு வந்தடைந்த வரலாறு பழையது. தத்துவபோதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலி 1623ஆம் ஆண்டு மதுரையினின்று புறப்பட்டுச் சேந்தமங்கலம், சேலம் ஆகிய ஊர்களுக்கு வந்தார். அவர் தமிழ் வழக்கங்களை ஏற்றுச் சமயம் பரப்பிய முறை தகுமா என்னும் வழக்கு உரோமையில் நெடுநாள் நடந்தது. அதனைப் பெரிதும் ஏற்றுப் பதினைந்தாம் கிரகோரியார் ஆணை வெளியிட்டதும் அதே 1623இல்தான். அவ்வாணை கப்பலேறிக் கடல் கடந்து இந்நாட்டை அடையப் பல திங்கள் வேண்டியிருந்தது. இதனோடு 1986ஐ ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். முன்னர்ச் செய்தி மெல்ல வந்தது; வருமுன் குருமார் அதனைத் தமிழாக்கி விளக்கினர். பின்னர்க் காட்சி விரைந்து வந்தது. விளக்கமோ இந்தியிலும் ஆங்கிலத்திலும் வந்தது. கண்ணுக்குக் கிடைத்ததற்குச் சொல் தேடும் பொறுப்புக் காண்போரிடமே விடப்பட்டது.

பெயர்கள் காட்டும் மனநிலை

இச்சொல் தேட்டத்தை முதற்கண் அவர் பெயரிலேயே காணலாம். அன்றைய தமிழ்க் கத்தோலிக்கர் அவரை 'இரண்டாம் அருள் சின்னப்பர்' என்றனர். யோவான் என்னும் எபிரேயப் பெயர் இறைவன் அருளுடையன் என்னும் பொருளது, அதனால் 'அருளப்பர்'. பவுல் என்னும் இலத்தீன் பெயர் சிறியவன் என்னும் பொருளது, அதனால் 'சின்னப்பர்'. இரண்டும் பொருள் நோக்கி ஆக்கப்பட்ட அழகிய தமிழ்ப் பெயர்கள். திரையில் ஒலித்த பெயரோ 'ஜான் பால்'. கோயிலில் அருள் சின்னப்பர் என்று வேண்டிக்கொண்ட ஒருவர், வீட்டில் ஜான் பால் என்று கேட்டு, இருவரும் ஒருவரே எனத் தாமே இணைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று 'யோவான் பவுல்' என்பதே திருச்சபை வழக்காயிற்று. ஒரே தலைமுறைக்குள் மூன்று வடிவங்கள் வழங்கியமை கருதத்தக்கது.

பதவிப் பெயரிலோ வேறுபாடு இன்னும் மிகுதி. பழைய கத்தோலிக்க வழக்கில் 'பாப்பானவர்', 'பாப்பரசர்' என்பன பெருகியிருந்தன. பாப்பரசர் என்பதில் அரசர் என்னும் சொல் வெளிப்படையாக நிற்கின்றது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் தமிழ்த் திருச்சபை நடை மாறியது. பூசை 'திருப்பலி' ஆயிற்று. மேற்றிராணியார் 'ஆயர்' ஆனார். பாப்பரசர் 'திருத்தந்தை' ஆனார். அரசர் தந்தையாக மாறியது சொல் மாற்றம் மட்டுமன்று, உறவு மாற்றமும் ஆகும். ஆயினும் அரசுமுறை வரவேற்பில், குடியரசுத் தலைவரோடும் தலைமையமைச்சரோடும் நின்றவராகத் திரையிற் காணுங்கால், கண்ணுக்குத் தோன்றியது பழைய சொல்லின் பொருளே. செவிக்குத் தந்தை, கண்ணுக்கு அரசர் என்னும் இந்நிலையே அவ்வருகையின் சிறப்பியல்பு என யாம் கருதுகின்றோம்.

பிற சமயத்தாரிடையும் செய்தித்தாள்களிலும் மிகுதியாக வழங்கியது 'போப்பாண்டவர்' என்பதாகும். ஆள் என்னும் அடியிற் பிறந்த 'ஆண்டவர்' என்னும் சொல் தமிழ்நாட்டில் ஒரு சமயத்திற்கே உரியதன்று. பழனியாண்டவர் என்பர் முருகனடியார். நாகூர் ஆண்டவர் என்பர் தர்காவிற்குச் செல்வோர். போப்பாண்டவர் என்னும்போது அயல்நாட்டுத் தலைவர் ஒருவர் இவ்வரிசையில் இயல்பாக இடம் பெறுகின்றார். அவரது கொள்கையை ஏற்றதாக இதற்குப் பொருளில்லை. தெய்வத்தன்மையுடைய பெரியாரைத் தம் மொழியில் மதிக்கும் வழக்கே அஃது. சீர்திருத்தக் கிறித்தவர்க்கோ ஆண்டவர் என்பது இறைவனுக்கே உரிய பெயர். ஆதலின் அவர்கள் வெறும் 'போப்பு' என்றே நிறுத்துதல் உண்டு. தமிழ் பயின்றோர் செவியில் இச்சொல் வேறொருவரையும் நினைவூட்டும். திருக்குறளை 1886இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப்பையரே அவர். அந்நூல் வெளிவந்து சரியாக நூறாண்டு கழித்துத் திருத்தந்தை சென்னைக்கு வந்தார்.

இன்றைய நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் ஆண்டவரை நீக்கிப் 'போப் பிரான்சிஸ்', 'போப் லியோ' என்றே வழங்குகின்றன. இதனை மதிப்புக் குறைவு எனக் கொள்ளுதல் பொருந்தாது. தலைப்பின் சுருக்கம் ஒரு காரணம். எச்சமயத்தார்க்கும் பொதுவான சொல் வேண்டும் என்பது மற்றொரு காரணமாகலாம். எனினும் உரிமையும் பணிவும் கலந்த ஒரு வழக்குக் குறைந்து வருதல் உண்மை.

காட்சியும் தரிசனமும்

திரையிற் காண்பது வெறுங்காட்சியோ, தரிசனமோ என்பது அடுத்த வினா. காட்சிக்குக் கண் போதும். தரிசனத்திற்குக் காண்பவரது பணிவும் காணப்படுபவரது அருளும் வேண்டும் என்பது நம் வழக்கு. கத்தோலிக்கர்க்கு இவ்வினா அக்காலத்தே உயிருடையதாயிருந்தது. திருத்தந்தை ஊருக்கும் உலகுக்கும் அளிக்கும் ஆசியோடு கூடிய பேறுபலனைத் தொலைக்காட்சி வழியாகப் பத்தியோடு பங்கு கொள்வோரும் பெறலாம் எனத் திருச்சபை ஏற்றது 1985இல்தான். பிற சமயத்தாரிடை இவ்வினாவிற்கு விடை அடுத்த ஆண்டிற் கிடைத்தது. 1987 சனவரியில் இராமாயணத் தொடர் தொடங்கியபோது, தொலைக்காட்சிப் பெட்டிக்கே மாலை சூட்டி விளக்கேற்றியோர் பலர் எனச் செய்திகள் வந்தன. திரைக் காட்சியைத் தரிசனமாக்கிக் கொள்ளும் மனநிலை எச்சமயத்திற்கும் புறம்பானதன்று என்பது இதனால் தெளிவாகும்.

மாறுபட்ட குரல்கள்

அவ்வருகையை எல்லாரும் வரவேற்றனர் எனல் வரலாற்றுக்கு மாறாகும். 1986இலும் சில இந்து அமைப்பினர் எதிர்ப்புக் காட்டினர். மதமாற்றம் பெருகும் என்பது அவர் கூறிய அச்சம். சென்னையில் பெப்ருவரி 5ஆம் நாள் இராசாசி மண்டபத்தில் திருத்தந்தை பிற சமயத் தலைவர்களைச் சந்தித்து உரையாடியமை இவ்வச்சத்தோடு வைத்து நோக்கத்தக்கது.

ஒளிபரப்பைப் பற்றிய வினா இதனின் வேறானது. அரசியலமைப்பின் 27ஆம் உறுப்பு, ஒரு சமயத்தை வளர்ப்பதற்கென வரி தண்டுதலை விலக்குகின்றது. பொதுப் பணத்தில் நடக்கும் தொலைக்காட்சி வழிபாட்டைக் காட்டலாமோ என வினவுவார் இருப்பர். யாம் கருதுவது இது: நிகழ்ந்ததைக் காட்டுதல் வளர்ப்பதாகாது, ஆனால் ஒரு சமயத்தாரைக் காட்டிப் பிறரை மறைப்பின், அல்லது எதிர்த்தாரை மறைப்பின், காட்டுதல் சார்பாக மாறும். ஆகவே அளவன்று, நடுநிலையே அளவுகோல். 1999 நவம்பரில் அவர் மீண்டும் தில்லிக்கு வந்தபோது, மன்னிப்புக் கேட்கவேண்டும் என்னும் கோரிக்கை சில அமைப்புகளால் எழுப்பப்பட்டது. தீபாவளி நாளில் அவர் திருப்பலி நிறைவேற்றினார். அப்போது தனியார் அலைவரிசைகள் பல தோன்றிவிட்டமையின், காண்போர் தம் விருப்பிற்கேற்ற திரையைத் தெரிந்துகொள்ள முடிந்தது.

பிரித்தானியாவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1982இல் அங்குச் சென்ற பயணம் மேய்ப்புப் பணி சார்ந்தது. 2010 செப்தம்பரில் பதினாறாம் பெனடிக்டு சென்றதே முதல் அரசுமுறைப் பயணம். அதற்காகும் செலவு பற்றி வாதம் எழுந்தது. இலண்டனில் எதிர்ப்புப் பேரணி நடந்தது. ஒளிபரப்பு மிகுதி என்பாரும், குறைகாணும் நிகழ்ச்சிகள் மிகுதி என்பாரும் இருந்தனர். ஒரே திரையை இருசாராரும் குறைகூறுதல் அந்நாட்டிற்கும் இந்நாட்டிற்கும் பொதுவென்க.

ஈழத்து ஒப்புமை

தமிழர்க்கு மிக நெருங்கிய பிறிதோர் ஒப்புமை இலங்கையில் உண்டு. 1995இல் இரண்டாம் யோவான் பவுல் கொழும்பிற்கு வந்தபோது, பௌத்தம் பற்றி அவர் முன்னர் எழுதியிருந்த கருத்துகளால் வருந்திய பௌத்தத் தலைவர்கள் பல்சமயக் கூட்டத்திற்கு வாராது ஒதுங்கினர். 2015 சனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிசு, காலையிற் கொழும்பில் யோசேப்பு வாசு அடிகளாரைப் புனிதராக அறிவித்து, மாலையில் மன்னார் மாவட்டத்து மடு மாதா திருத்தலத்திற்குச் சென்றார். போர்க்காலத்தில் மக்கள் அடைக்கலம் புகுந்த இடம் அது. 1999இல் எறிகணை வீழ்ந்து அடைக்கலம் புகுந்தோர் பலர் மாண்டனர். 2008இல் மாதாவின் திருவுருவமே இடம்பெயர நேர்ந்தது. அத்தகைய தலம் உலகத் தொலைக்காட்சியிற் காட்டப்பெற்றது. அன்று காட்டப்பட்டவர் திருத்தந்தை மட்டுமல்லர். தம் துயரம் காணப்படாமலே போயிற்றென்று வருந்தியிருந்த ஒரு மக்களும் அவரோடு காட்டப்பட்டனர். ஈண்டுக் காண்போர், காட்டப்படுவோர் என்னும் பிரிவே ஒருவாறு நீங்கிற்று எனலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் போந்தவை: திருத்தந்தையின் வருகை இருமையுடையது, அவ்விருமையைத் தமிழ்ச் சொற்களே அரசர், தந்தை, ஆண்டவர் எனப் பதிந்து வைத்துள்ளன, மக்கள் எதிர்வினை ஏற்பு, மறுப்பு என்னும் இரண்டனுள் அடங்காது, பெயரிடுதல், வணங்குதல், வினவுதல் எனப் பலதிறப்படும்.

1986இல் இருபது அகவையினராயிருந்தோர் இன்று அறுபதை அடுத்து நிற்கின்றனர். பாப்பரசர் என்றும் அருள் சின்னப்பர் என்றும் வழங்கிய வாய்கள் குறைந்துவருகின்றன. அரசு ஒளிப்பேழைகள் காட்சியைக் காத்தல் கூடும். காட்சியைக் கண்டவர் சொல்லைக் காப்பார் எவர்? அஸ்தம்பட்டி போன்ற பகுதிகளில் சமயந்தோறும் முதியோரை அணுகி, அவர் வழங்கும் சொற்களை அவ்வாறே எழுதிக்கொள்ளுதல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அது காலந்தாழ்த்தாது செய்யப்படின் தமிழ்ச் சொல் வரலாற்றிற்கும் சமூக வரலாற்றிற்கும் ஒருங்கே பயன்படும்.