திண்டுக்கல் வானத்தில் 10,000 அடி உயரத்துப் பேச்சு

பெங்களூருவிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு வரைபடத்தில் ஒரு நேர்க்கோடு போட்டுப் பாருங்கள். அது ஏறத்தாழ நம் திண்டுக்கல் மலைக்கோட்டையின் தலைக்கு மேலேயே போகும்! காற்றையும் நெரிசலையும் பார்த்து விமானங்கள் கொஞ்சம் அப்படி இப்படி விலகும்தான். ஆனாலும் பேருந்து நிலையத்தில் டீ குடிக்கிறவர் அண்ணாந்து பார்க்கும் அந்த வெள்ளிப் புள்ளிக்குள், அந்த நிமிடம் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் டீ ஆறிப்போகும்.

இங்கிருந்து மதுரை ஓடுபாதை நேர்க்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர். விமானிகள் கணக்கில் 32 கடல் மைல். இறங்குவதற்கு அவர்களிடம் எளிய வாய்ப்பாடு ஒன்று உண்டு: ஒவ்வொரு 1,000 அடி இறங்கவும் மூன்று கடல் மைல் வேண்டும். வகுத்துப் பாருங்கள், திண்டுக்கல்லுக்கு மேலே விமானம் 10,000 அடி சுமாருக்கு வந்திருக்க வேண்டும். அந்த 10,000 அடிதான் காக்பிட்டின் எல்லைக்கோடும்கூட. அதற்குக் கீழே வந்துவிட்டால் ஊர்க்கதை, வீட்டுக்கதை எதுவும் கிடையாது. விமானத்தை இறக்குவதற்குத் தேவையான பேச்சு மட்டும்தான். அந்த மௌனம் தொடங்குவது நம்மூர் வானத்தில் என்பதை நினைத்தாலே எனக்குக் குதூகலம்!

ஐப்பசி, கார்த்திகை மழை மேகத்தில் வெளியே எதுவும் தெரியாது. கண்ணாடிக்கு அப்பால் வெறும் சாம்பல் நிறம். அப்போது விமானி நம்புவது கருவிகளையும், காதில் விழும் எண்களையும்தான். நம் பக்கம் அந்த எண்களுக்குக் கனம் அதிகம். மதுரைக்குப் போகிற வழியில் சிறுமலை நிற்கிறது. மேற்கே கொடைக்கானல் 7,000 அடி. 1971 டிசம்பர் 9 அன்று, மதுரையில் இறங்க வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம் ஒன்று பார்வைத் தெளிவில்லாத பகல் வேளையில் சின்னமனூர் அருகே மலையில் மோதி 21 பேர் இறந்தார்கள். இந்தப் பக்கத்து மலைகளுக்கு மேலே ‘எத்தனை அடி’ என்பது அவ்வளவு பெரிய கேள்வி.

சரி, அந்த எண் எப்படிக் கைமாறுகிறது? கீழே விமானப் போக்குவரத்துக் கன்ட்ரோலர் முன்னால் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு சீட்டு இருக்கும். நீளமான, விரல் அகலத் தாள். சில இடங்களில் இப்போது அது திரைக்குள் போய்விட்டது. உயரத்தைச் சொல்லும்போதே கன்ட்ரோலரின் பேனா சீட்டில் அதை எழுதுகிறது. மேலே ஒரு விமானி ஓட்டுகிறார், இன்னொருவர் பேசுகிறார். பேசுகிறவர் கேட்ட எண்ணை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். இதற்குப் பெயர் ரீட்பேக். எண்ணைக் கருவியில் திருகி வைத்ததும் இருவரும் பார்த்து உறுதி செய்கிறார்கள். ஆனால் வேலை அங்கே முடியவில்லை. திரும்பி வந்த எண்ணைக் கன்ட்ரோலர் காது கொடுத்துக் கேட்டு, தான் எழுதியதோடு ஒப்பிட வேண்டும். திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: பூட்டைப் பூட்டியதும் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறோம் இல்லையா, அதேதான். இழுத்துப் பார்க்கிற அந்த ஒரு விநாடிதான் இந்த ஏற்பாட்டிலேயே மிக அழகானது. அதுவே மிக எளிதில் விட்டுப்போவதும்கூட.

கோலாலம்பூரில் அது விட்டுப்போனது. 1989 பிப்ரவரி 19, விடியற்காலை. சிங்கப்பூரிலிருந்து வந்த ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் 747 சரக்கு விமானம் சுபாங் நிலையத்தில் இறங்க வருகிறது. கன்ட்ரோலர் 2,400 அடிக்கு இறங்கச் சொல்ல நினைத்தார். வாயில் வந்தது, ‘டிசென்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’. அந்த ‘டூ’ இரண்டா, ‘வரைக்கும்’ என்ற டூவா? காக்பிட்டில் அதை 400 அடி வரைக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். ‘ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்று பதிலும் சொன்னார்கள்! பிழை வாய்விட்டே சொல்லப்பட்டது. கீழே யாரும் அதைப் பிடிக்கவில்லை. தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கைக் கருவி கத்தியும் விமானம் ஏறவில்லை. பூச்சோங் பக்கம் கடல் மட்டத்திலிருந்து 437 அடியில் ஒரு குன்று. அதில் மோதி நான்கு பேரும் இறந்தார்கள். ‘டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்’ என்று முழுசாகச் சொல்லியிருந்தால் குழப்பத்துக்கே இடமில்லை. முறைப்படி சொல்ல வேண்டியதும் அதுதான். ‘தௌசண்ட்’ என்ற அந்த ஒரு சொல்லை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும்.

நம் நாட்டில் நடந்தது இதைவிடப் பெரிய கொடுமை. 1996 நவம்பர் 12, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானம். டெல்லியில் இறங்க வந்த கஜகஸ்தான் விமானத்துக்குக் கொடுத்த உயரம் 15,000 அடி. எதிரே சவூதி 747 பறந்தது 14,000 அடியில். கஜக் விமானத்தில் ரேடியோவில் பேச என்றே தனியாக ஓர் ஆள் இருந்தார். அவர் கேட்டு, மொழிபெயர்த்து, விமானிகளிடம் சொல்ல வேண்டும். காதுக்கும் கைக்கும் நடுவே இன்னொரு ஆள். அந்த விமானம் 15,000-ஐத் தாண்டிக் கீழே போய், சவூதி விமானத்தோடு மோதியது. 349 பேர் இறந்தார்கள், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. டெல்லியில் அப்போது இருந்த ரேடாரில் விமானத்தின் உயரம் தெரியாது. விமானிகள் ரேடியோவில் சொல்வதுதான் உயரம்.

இப்போது ரேடாரில் உயரம் தெரிகிறது, மோதல் எச்சரிக்கைக் கருவி விமானத்திலேயே இருக்கிறது. அப்படியும் 2022 மே மாதம் பாரிஸில் இறங்க வந்த ஓர் ஏர்பஸ்ஸுக்குக் கன்ட்ரோலர் ஒருவர் காற்றழுத்த அளவை 1001 என்பதற்குப் பதில் 1011 என்று சொல்லிவிட்டார். விமானி அதே 1011-ஐப் பிசகாமல் திருப்பிச் சொன்னார். அழுத்தத்தில் பத்து கூடினால் உயரமானி சுமார் 280 அடி கூட்டிக் காட்டும். மேகத்துக்குள் அந்த ஏர்பஸ், ஓடுபாதைக்கு ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் தரையிலிருந்து ஆறே அடி உயரத்துக்கு வந்து, எதையும் தொடாமல் ஏறிப் போய்விட்டது. ஆறு அடி! ஓர் ஆள் உயரம். அதிலும், இரண்டாம் முறை இறங்க வந்தபோதும் காக்பிட்டில் அதே 1011-தான் இருந்தது. நல்லவேளை, அப்போது ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தது. ரீட்பேக் சரியாக இருந்தும் நடந்த விபரீதம் இது, ஏனென்றால் கொடுத்த எண்ணே தப்பு.

காதை ஏமாற்ற இன்னொரு வழி, ஒரே மாதிரி ஒலிக்கும் விமான எண்கள். ஒருவருக்குக் கொடுத்த உயரத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்! அதனால்தான் பல நிறுவனங்கள் எண்ணோடு எழுத்துகளையும் சேர்த்து ரேடியோவில் தனிப் பெயர் வைத்துக்கொள்கின்றன. விமானங்களைக் காட்டும் செயலியைத் திறந்து, நம்மூருக்கு மேலே போகிறதைத் தொட்டுப் பாருங்கள். டிக்கெட்டில் இருக்கும் எண்ணும் அங்கே தெரியும் பெயரும் சில நேரம் ஒத்துப்போகாது. கன்ட்ரோலரின் காதில் தனியாக விழுவதற்கென்றே வைத்த பெயர் அது.